வேனுக்குள் வாஷிங் மெஷின் வேண்டுமா? வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

எங்கள் டிராவலர் வண்டியை, உள்ளேயே படுத்து, சமைத்து, குளிக்கிற கேம்பர் வேனாக மாற்றியபோது முதலில் உள்ளே ஏறியது கட்டில்கூட இல்லை, வாஷிங் மெஷின்தான். 8 கிலோ துவைத்து 5 கிலோ காயவைக்கும் ஃப்ரண்ட் லோடு. ஏழு மாதம் கழித்து அதை இறக்கி மடிப்பாக்கம் வீட்டு பால்கனியில் வைத்தோம். இன்றும் அங்கே நன்றாக ஓடுகிறது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பயணத்துக்கு என்ன தேவை என்று பார்க்காமல் வாங்கிவிட்டோம், அவ்வளவுதான்.

இப்போது வேன் கட்ட ஆரம்பிக்கிறவர்கள் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதே ஆசையோடு வருகிறார்கள். அந்த வீடியோக்களில் சொல்வது அங்கே சரி. அங்கே முழு வசதி உள்ள முகாம்களில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் தண்ணீர்க் குழாய், சாக்கடை இணைப்பு, கரண்ட் மூன்றும் தயாராக இருக்கும். 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 3600 வாட், 50 ஆம்பியர் இணைப்பு என்றால் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். சென்னையிலிருந்து கிளம்புகிற நமக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயேதான். அதனால் கணக்கை நாமே போட வேண்டும். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். பலருக்கு மூன்றாவது படியிலேயே பதில் கிடைத்துவிடும்.

முதல் படி: ஒரு வாரம் அழுக்குத் துணியை எடை போடுங்கள்

ஏர்போர்ட்டுக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசு போதும். தினமும் இரவு அழுக்குக்கூடையை ஒரு பையில் கொட்டி, தராசில் மாட்டி எழுதி வையுங்கள். நாங்கள் நான்கு பேர். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டரை கிலோ வந்தது.

அப்புறம் அந்தப் பையில் எது கனம் என்று பாருங்கள். ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம் இருக்கும். டர்க்கி டவல் அரை கிலோ பக்கம். ஈரோட்டுப் பக்கத்து ஈரிழைத் துண்டு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நனைந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தும்விடும். ஜீன்ஸையும் டர்க்கி டவலையும் வீட்டில் விட்டுவிட்டு, லுங்கி, மெல்லிய பருத்திச் சட்டை, ஈரிழைத் துண்டு என்று கிளம்பியதும் எங்கள் எடை ஒன்றரை கிலோவுக்கு இறங்கியது. ஒரு பைசா செலவில்லாமல் பாதி வேலை முடிந்தது.

நான்கு நாள் வரை உள்ள பயணம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அழுக்கை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், மெஷின் வேண்டாம். வாரக்கணக்கில் வண்டியிலேயே இருக்கப் போகிறவர்களும், கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்களும், படுக்கையில் இருக்கும் பெரியவரைக் கூட்டிப் போகிறவர்களும் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்

ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒரு தடவைக்கு 40 முதல் 60 லிட்டர் வரை எடுக்கும். டாப் லோடு 100 லிட்டரையும் தாண்டும், அதை வேனுக்கு யோசிக்கவே வேண்டாம். உங்கள் டேங்க் 200 லிட்டர் என்றால் ஒரு துவையலில் கால் பங்கு காலி. நான்கு பேர் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவ வேண்டியதும் அதே டேங்க்தான்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. துவைத்துக் காயவைக்கும் இரட்டை மெஷின்களில் பல, காயவைக்கும்போதும் தண்ணீர் செலவழிக்கும். உள்ளே கிளம்பும் ஆவியைக் குளிரவைத்து மறுபடி நீராக்க, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு அப்படியே வெளியே தள்ளிவிடும். வீட்டில் இது கண்ணிலேயே படாது. நாங்கள் பார்த்தது கோடியக்கரையில். துணி காய்ந்து முடிவதற்குள் பம்ப் காற்றை இழுத்துக் கடகடத்தது, டேங்க் வறண்டுவிட்டது. வாங்குவதற்கு முன் கையேட்டைக் கேட்டு வாங்கி, காயவைக்கும் சுற்றுக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை டேங்கில் நிரப்பித் துவைத்தால் சோப்பு நுரைக்காது, ஹீட்டரில் வெள்ளையாகப் படியும். கிளம்பும்போது வீட்டு மெட்ரோ வாட்டரை நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

மூன்றாம் படி: கரண்ட்

இதை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

துவைப்பதற்கு அதிகக் கரண்ட் ஆகாது. ஹீட்டரை அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் துவைத்தால் ஒரு தடவைக்குக் கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நம் ஊர் வெயிலில் வண்டி டேங்க் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதனால் ஹீட்டரே தேவைப்படாது. ஹீட்டரைப் போட்டால்தான் சிக்கல். 2000 வாட் ஹீட்டரை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு விரல் தடிமன் கேபிளும் பெரிய இன்வெர்ட்டரும் வேண்டும்.

காயவைப்பது வேறு கதை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க எந்த மெஷினாக இருந்தாலும் சுமார் 0.63 யூனிட் வெப்பம் வேண்டும். அது இயற்கை விதி, எந்த கம்பெனி லேபிளும் அதைக் குறைக்க முடியாது. வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து மறுபடி பயன்படுத்தும் ஹீட் பம்ப் ட்ரையர் மட்டும் ஏறக்குறைய பாதி கரண்டில் முடிக்கும், ஆனால் அதன் விலையும் உருவமும் வேனுக்கு ஒத்துவராது. நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் பிழிந்த பிறகும் ஒரு கிலோ துணியில் சுமார் 600 மில்லி தண்ணீர் நிற்கும். நான்கு கிலோ துணிக்கு 2.4 லிட்டர். அதை விரட்ட குறைந்தது ஒன்றரை யூனிட், நடைமுறையில் இரண்டு, இரண்டரை ஆகிவிடும். 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் மொத்தமே இருப்பது 2.56 யூனிட். கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் வரும். ஆக, ஒரே ஒரு தடவை துணி காயவைக்க பேட்டரி முழுவதையும் கொடுத்துவிட்டு, அன்று இரவு ஃபேன் இல்லாமல் படுக்க வேண்டும்.

ரிசார்ட்டில் பிளக் தருகிறார்களே என்றால், 15 ஆம்பியர் பாயின்ட் கிடைத்தால் 3450 வாட் வரை இழுக்கலாம். ஏ.சி.யும் ட்ரையரும் ஒன்றாக ஓடினால் அதைத் தொட்டுவிடும், ட்ரிப் ஆகும். பார்க்கிங் பக்கம் பல இடங்களில் 6 ஆம்பியர் பாயின்ட்தான் இருக்கும். அதில் ட்ரையர் போடவே கூடாது, ஒயர் சூடாகி உருகும்.

இப்போது பிழியும் கணக்கைப் பாருங்கள். கையால் முறுக்கிப் பிழிந்த ஒரு கிலோ துணியில் ஒரு லிட்டர் பக்கம் தண்ணீர் நிற்கும். அதில் 400 மில்லியை ஸ்பின் வெளியே எறிந்துவிடுகிறது. ஒரு சிறிய ஸ்பின் தொட்டிக்குத் தேவை சில நூறு வாட், அதுவும் ஐந்து நிமிடம். நான்கு கிலோவையும் மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டாலும் 0.1 யூனிட் ஆகாது. அதே தண்ணீரை வெப்பத்தால் விரட்ட ஒரு யூனிட்டுக்கு மேல் வேண்டும். இதை அன்றே காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் எங்களுக்கு அறுபதாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். வேனில் இருக்கிறவருக்கு உண்மையில் வேண்டியது நல்ல பிழிவு. துவைப்பது ஒரு வாளியில்கூட நடந்துவிடும்.

நான்காம் படி: எடை

ஃப்ரண்ட் லோடு மெஷினின் உள்ளே கான்கிரீட் பாளம் இருக்கும், சுற்றும்போது குதிக்காமல் இருக்க. அதனால் 60 முதல் 75 கிலோ. எப்போதும் ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போவது மாதிரி. நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடையில், டேங்க் நிரப்பி, குடும்பத்தோடு, சாமான்களோடு ஒரு தடவை வண்டியை ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள, வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். மிச்சம் 150 கிலோவுக்குக் கீழே என்றால் பெரிய மெஷின் ஆசையை விட்டுவிடுங்கள். வண்டியை மாற்றிக் கட்டுவதற்கே மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அந்த வேலை நடக்கும்போதே மெஷினின் எடையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: முதலில் சின்னதை வைத்து ஒரு பயணம்

செமி ஆட்டோமேடிக் மெஷின் 20, 25 கிலோ. இன்னும் சின்னதாகத் தனி ஸ்பின் தொட்டியோ, கூடையோடு வரும் மினி மெஷினோ கிடைக்கும். யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகத் தரும் 1000 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் தாராளமாகப் போதும்.

செய்முறை எளிது. காலையில் கிளம்பும்போது மூடியுள்ள வாளியில் துணி, சோப்புத்தூள், துணி மூழ்கும் அளவு தண்ணீர். வாளியைக் குளியலறைத் தரையில் கட்டிவிடுங்கள். வண்டியின் குலுக்கலே பாதி துவைத்துவிடும். மத்தியானம் நிறுத்தும் இடத்தில் கசக்கி, முதலில் ஒரு ஸ்பின். பிறகு அலசல், மறுபடி ஸ்பின். அலசுவதற்கு முன் ஒரு தடவை பிழிவதுதான் இதில் முக்கியம். சோப்புத் தண்ணீர் முதலிலேயே போய்விடுவதால் இரண்டு அலசல் தேவைப்படும் இடத்தில் ஒன்று போதும். எங்களுக்கு நாள் துணிக்கு 20 லிட்டரில் முடிகிறது.

ஸ்பின் தொட்டியில் துணியைத் திணிக்காதீர்கள். வட்டமாகச் சுற்றி அடுக்கி, மேலே அந்த பிளாஸ்டிக் தட்டை அழுத்தி வையுங்கள். ஒரு பக்கம் கனமானால் தொட்டி தடதடக்கும், உடனே நிறுத்தி மறுபடி அடுக்குங்கள். முடிந்ததும் துண்டின் ஒரு முனையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கை ஈரமானால் இன்னும் இரண்டு நிமிடம். கை குளிர்ந்து மட்டும் இருந்தால் போதும்.

இந்தப் பயணம் சிரமமில்லாமல் முடிந்ததா? அப்படியானால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. அம்மா இதைத்தான் முதல் நாளே சொன்னார்: "துவைக்கறது பெரிசில்லடா, பெட்ஷீட்டைப் பிழிய முடியல, மணிக்கட்டு விட்டுப் போவுது."

ஆறாம் படி: பெரிய மெஷின்தான் வேண்டும் என்றால்

அப்படியும் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ட்ரையர் இல்லாத, 6 கிலோ ஃப்ரண்ட் லோடாக வாங்குங்கள். பொருத்தும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

புதிய மெஷினின் பின்பக்கம் மூன்று நான்கு நீளமான போல்ட் இருக்கும். உள்ளே தொங்கும் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். ஓட்டுவதற்கு முன் கழற்ற வேண்டும், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது மறுபடி மாட்ட வேண்டும். எங்களுக்குப் பொருத்திய பட்டறையில் அவற்றைக் கழற்றி, இனி வேண்டாம் என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, பின்னாலிருந்து 'டொம், டொம்' என்று சத்தம். பயந்துபோய் ஓரங்கட்டினேன். டிரம் பக்கவாட்டில் மோதி, ஷாக் அப்சார்பர் ஒன்று பிய்ந்து தொங்கியது. என் மகள் அந்த மெஷினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: அந்த போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள். கிளம்புவதற்கு முன், முக்கியமாக மலைப்பாதைக்கு முன், மாட்டுங்கள். பின்பக்கம் கை போகிற மாதிரி இடம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

இடம், சக்கர அச்சுக்கு மேலே அல்லது அதை ஒட்டி, முடிந்த அளவு தாழ்வாக. பிளைவுட் தரையில் மட்டும் திருகாமல், கீழே சேஸிஸ் குறுக்குச் சட்டம் வரை போல்ட் போக வேண்டும். கழிவுநீர் ஹோஸை இரண்டு அடி உயரத்துக்கு மேலே தூக்கி வளைத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் துவைக்கும்போதே தண்ணீர் தானாக வடிந்துவிடும். வண்டி ஓடும்போது மெஷினை ஓட்டவே கூடாது. நிறுத்தியபின் மட்டம் பார்த்து, ஜாக் கொடுத்து, ஸ்பின்னை 800 சுற்றுக்குள் வையுங்கள். கிளம்பும்போது தண்ணீர் வால்வை மூடுங்கள்.

ஏழாம் படி: காயவைத்தல்

இரண்டு மெல்லிய கயிற்றை ஒன்றோடொன்று முறுக்கி வண்டிக்கும் மரத்துக்கும் இடையே இழுத்துக் கட்டுங்கள். முறுக்கின் இடுக்கில் துணி நுனியைச் செருகினால் க்ளிப்பே வேண்டாம், தனுஷ்கோடிக் காற்றிலும் பறக்காது.

மழைக்காலத்தில் உள்ளேதான் காயவைக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் வெளியே கொடி கட்டிப் பயனில்லை. ஆனால் மூடிய வேனுக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் ஆவியானால் அது பிளைவுட்டில்தான் போய் இறங்கும், ஒரே மாதத்தில் பூஞ்சை வாடை வந்துவிடும். குளியலறைக்குள் கொடி கட்டி, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். நன்றாக ஸ்பின் ஆன மெல்லிய துணி ஓர் இரவில் காய்ந்துவிடும்.

எட்டாம் படி: சோப்புத் தண்ணீர்

2019 மழைக்காலத்தில் மெரினா முழுக்க வெள்ளை நுரை பொங்கி நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்பும் கடலில் கலந்ததன் விளைவு அது. நாங்கள் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். ஒரு வாளி சோப்புத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று தினமும் கண்ணால் பார்க்கிறோம். சாலையோரத்திலும், ஏரிக்கரையிலும், ஓடையிலும் வால்வைத் திறக்காதீர்கள். தங்கும் விடுதியிலோ பெட்ரோல் பங்கிலோ கேட்டு, கழிப்பறை வடிகாலில் விடுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கழிவுநீர் டேங்க் நல்ல தண்ணீர் டேங்கில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் துவையலின் நடுவில் நிரம்பிவிடும்.

வீடு திரும்பியதும் மெஷினின் கீழ்ப்பக்க ஃபில்டரைத் திறந்து அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். கதவின் ரப்பர் மடிப்பைத் துடைத்து, ஒரு பழைய துண்டை இடுக்கில் வைத்துக் கதவைப் பாதி திறந்தே விடுங்கள்.