நினிவேக்குப் போன இரண்டு செய்திகள்: லெந்து கூட்டத்தில் பேசப் போகிறவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் வீட்டு ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுக்க முதல்முறையாகப் பெயர் வந்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, கர்த்தருடைய இரக்கத்தைப் பேசவா, நியாயத்தீர்ப்பைப் பேசவா?" திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் இருபது வருஷத்துக்கு மேல் பேசி, தப்பும் செய்து நான் கற்றுக்கொண்ட முறை இது.

முதலில் தராசைக் கீழே வையுங்கள். பாதி இது, பாதி அது என்று நிறுத்துப் போடுகிற காரியம் இல்லை. யாத்திராகமம் 34-ம் அதிகாரம் 6, 7 வசனங்களை ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட ஜனத்துக்காக மோசே மறுபடியும் மலையேறி நிற்கிறார். கர்த்தர் தம்மைப் பற்றித் தாமே சொல்கிறார். "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும்" என்று தொடங்கி, பாவத்தை மன்னிக்கிறவர் என்று சொல்லி, அதே மூச்சில் குற்றவாளியைச் சும்மா விடாதவர் என்றும் சொல்கிறார்.

அதற்குக் கீழே யோனா 4:2, நாகூம் 1:3 இரண்டையும் எழுதுங்கள். தீர்க்கதரிசிகளான இந்த இரண்டு பேரும் அசீரியரின் தலைநகரான நினிவேயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நினிவே அழியாமல் தப்பினபோது யோனா, கர்த்தர் மோசேயிடம் சொன்னதின் முன்பாதியைச் சொல்லி, 'நீர் இப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியுமே' என்று கோபப்படுகிறான். நாகூம் நீடிய சாந்தத்தைச் சொல்லிவிட்டுப் பின்பாதிக்குப் போய்விடுகிறான். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் பார்த்த அன்று நான் வெகுநேரம் நோட்டை மூடவில்லை. கர்த்தர் மாறவில்லை. யோனா 3:8-ல் ராஜா, கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்புங்கள் என்று கட்டளையிடுகிறான், ஊர் திரும்பியது. நாகூமின் நாளில் அது மறுபடியும் "இரத்தப்பழிகளின் நகரம்". கி.மு. 612-ல் விழுந்தது.

'கொடுமை' என்ற வார்த்தையை அடிக்கோடிட்டு, செல்போனில் லாகீஸ் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததைக் காட்டுபவை அவை. நினிவேயில் சனகெரிப்பின் அரண்மனைச் சுவரில் இருந்தவை, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கழுவில் ஏற்றப்பட்ட ஆட்கள். பக்கத்திலேயே மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளோடு, ஊரைவிட்டுக் கொண்டுபோகப்படுகிற பெண்களும் பிள்ளைகளும். நாகூமை அந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். நியாயத்தீர்ப்பு அங்கே நற்செய்தியாகக் கேட்கும்.

இதை எனக்குக் காட்டியது ஒரு அக்கா. ஒரு கூட்டத்தில் யோனாவை எடுத்து அரைமணி நேரம் இரக்கத்தை மட்டுமே பேசினேன். காப்பி கொடுக்கும்போது அவர் அடுக்களை வாசலில் நின்று, "நீங்க சொன்னத அவரு நாளைக்கு எங்கிட்டயே வசனமாச் சொல்லுவாரு" என்றார். வளையலுக்குக் கீழே மணிக்கட்டு நீலமாகக் கன்றியிருந்தது. அவர் புருஷன் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடியவர்.

அதிலிருந்து, எழுதி முடித்த செய்தியை இரண்டு தடவை வாசிக்கிறேன். ஒரு தடவை அந்த அக்காவாக: என் அடியைக் கர்த்தர் கண்டார் என்று இதில் இருக்கிறதா? இன்னொரு தடவை அந்தப் புருஷனாக: வாசல் திறந்திருக்கிறது, ஆனால் ஓங்கின கையோடு உள்ளே வர முடியாது என்று இருக்கிறதா? சிலுவையில் கிறிஸ்து பாவத்தின் தீர்ப்பைத் தாமே சுமந்ததால்தான் அந்தப் புருஷனுக்கும் வாசல் உண்டு என்று என்னால் சொல்ல முடிகிறது. அதைக் கடைசியில் அவசரமாக ஒட்டாதீர்கள், நடுவிலேயே வையுங்கள். மன்னிப்பின் பெயரால் அந்த அக்காவைத் திரும்ப அடிவாங்க அனுப்பவும் வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள், கூடப் போங்கள்.

துக்க வீட்டில் மட்டும் தீர்ப்பின் பக்கமே போகாதீர்கள். பிள்ளையை இழந்த தாய் ஏற்கெனவே தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பாள். யோவான் 9:3 போதும்: பிறவிக் குருடனைப் பற்றி, இது இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு சொல்கிறார்.

இருபது நிமிஷத்துக்குள் முடியுங்கள். கடைசியாக யோனா 4:11-ஐ வாசியுங்கள்: வலதுகை இடதுகை தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷர், அநேக மிருகஜீவன்கள், இவர்களுக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. நீங்களும் விளக்கம் சேர்க்காமல் வேதாகமத்தை மூடிவிட்டு, ஜெபத்துக்கு முன் ஒரு நிமிஷம் அமைதியாக இருங்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.