லாரி ஓட்டுகிறவர் காலில் நரம்பு சுருட்டாமல் இருக்க

கடலூர் முதுநகரிலிருந்து 22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு, இடது முழங்காலுக்குக் கீழே பச்சையாகப் புடைத்து, மண்புழு நெளிந்த மாதிரி ஓடியது. சாயங்காலமானால் கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்த இடம் குழியாகவே நிற்கும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

நரம்பு சுருட்டல் என்கிறோம், ஆனால் அது ரத்தக்குழாய். கெண்டைக்கால் சதை இறுகும்போது ரத்தத்தை மேலே தள்ளும். குழாய்க்குள் இருக்கும் வால்வு அதைத் திரும்பி இறங்க விடாது. முழங்காலை மடக்கியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் சதைக்கு வேலை இல்லை. ரத்தம் கீழே தேங்கும், குழாய் விரியும், வால்வு சரியாக மூடாது.

அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிவிடுங்கள். லிவரால் டயரைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வாருங்கள். டீ ஆறுவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 20 தடவை தூக்கி இறக்குங்கள். பண்ருட்டி பலாப்பழ லோடு என்றால் அவசரம்தான், எனக்கும் தெரியும். ஐந்து நிமிடத்தில் பழம் அழுகாது. டோல்கேட் வரிசையில் வண்டி நிற்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம்.

மூத்திரத்துக்கு இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள். இறங்குவதுதான் காலுக்கு வேண்டியது. சீட் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தாதபடி உயரத்தைச் சரிசெய்யுங்கள். படுக்கும்போது போர்வையைச் சுருட்டிக் காலுக்கு அடியில் வையுங்கள். கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும்.

அழுத்தும் காலுறையை டாக்டரிடம் கேட்டு, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்குங்கள். சர்க்கரை, பீடிப் பழக்கம் இருந்தால் கேட்காமல் போடவே கூடாது. பாதத்துக்கு ரத்தம் வருவது ஏற்கெனவே குறைந்திருக்கலாம். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் போடுங்கள். மேல் விளிம்பை மடித்துவிட்டால் கயிறு கட்டிய மாதிரி இறுக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்தால் சொறியாதீர்கள், புண்ணாகி ஆறாமல் கிடக்கும்.

அப்புறம் இதை கிளீனர் பையனுக்கும் சொல்லி வையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, வண்டியை ஓரம்கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள்.