சி-வி வரைகோட்டை வைத்து ஆக்சைடு படலத்தின் குறைகளை எண்ணுவது எப்படி?

சிலிக்கான் வேஃபரின் மேல் 10 நானோமீட்டர் தடிமனுக்கு சிலிக்கான் டைஆக்சைடு வளர்த்தாயிற்று. அதன் மேல் வட்ட வட்டமாக அலுமினியப் புள்ளிகளும் படிய வைத்தாயிற்று. புரோப் ஊசியை ஒரு புள்ளியின் மேல் வைத்து, வோல்ட்டை மாற்றிக்கொண்டே மின்தேக்குத்திறனை அளந்தால், படுக்கவைத்த எஸ் போல ஒரு கோடு வருகிறது. இதுதான் சி-வி (மின்தேக்குத்திறன்–வோல்ட்) வரைகோடு. புதிதாக ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் பலர் அந்தக் கோட்டை அறிக்கையில் ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஏனென்றால், எத்தனை சிலிக்கான் அணுவுக்கு ஒன்று பிணைப்பு அறுந்து கிடக்கிறது என்பதுவரை அந்தக் கோடு சொல்கிறது. கேட்பதற்குக் கால்குலேட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பிளஸ் டூ இயற்பியலில் படித்த பட்டைக் கொள்கை நினைவிருந்தால் இந்தப் பதிவைத் தொடரலாம். எடுத்துக்காட்டாகப் பி-வகை சிலிக்கானை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கன செ.மீ.க்கு 10¹⁵ போரான் அணுக்கள். அலுமினியப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்.

படி 1: முதலில் பட்டைப் படம்

மீட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இதை வரையுங்கள். சிலிக்கானின் இணைதிறன் பட்டைக்கும் கடத்தும் பட்டைக்கும் நடுவே 1.12 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. பக்கத்தில் சிலிக்கான் டைஆக்சைடு. அதன் இடைவெளி ஏறக்குறைய 9 எலக்ட்ரான் வோல்ட். இரண்டையும் ஒட்டி வைத்தால், ஆக்சைடின் கடத்தும் பட்டை சிலிக்கானுடையதைவிட 3.1 எலக்ட்ரான் வோல்ட் மேலே நிற்கும். அதன் இணைதிறன் பட்டை சுமார் 4.7 எலக்ட்ரான் வோல்ட் கீழே இறங்கியிருக்கும். எலக்ட்ரானுக்கு ஒரு சுவர், துளைக்கு இன்னும் உயரமான ஒரு சுவர். நம் காலத்து சிப்புகள் எல்லாம் இந்த இரண்டு சுவர்களை நம்பித்தான் வளர்ந்தன. பெல் ஆய்வகத்தில் அடல்லாவும் காங்கும் 1960-இல் செய்துகாட்டிய முதல் மாஸ் (உலோகம்–ஆக்சைடு–குறைக்கடத்தி) டிரான்சிஸ்டர் நின்றதும் இதன் மேல்தான்.

சுவர் எவ்வளவு மெல்லியதானால் சுவராக இல்லாமல் போகும்? இதை 1999-இல் பெல் ஆய்வகத்தினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு வரிசை வரிசையாக அளந்து பார்த்தார்கள். சிலிக்கானும் ஆக்சைடும் சந்திக்கும் இடைமுகத்தை ஒட்டியுள்ள ஆக்சிஜன் அணுக்களுக்கு முழு இடைவெளி உருவாவதில்லை. சிலிக்கானின் எலக்ட்ரான் அலைகள் அங்கே கொஞ்சம் வழிந்து வந்துவிடுகின்றன. ஆக்சைடு ஆக்சைடாக நடந்துகொள்ளக் குறைந்தது 0.7 நானோமீட்டராவது வேண்டும் என்பது அவர்கள் கண்ட எல்லை. நம்முடைய 10 நானோமீட்டருக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, இப்போது படத்தில் குறைகளைப் போடுவோம். சிலிக்கான் அணுவுக்கு நான்கு கைகள். இடைமுகத்தில் சில அணுக்களின் மூன்று கைகள் கீழேயுள்ள சிலிக்கானைப் பிடித்திருக்க, நான்காவது கை ஆக்சைடு பக்கம் நீட்டியபடி எதையும் பிடிக்காமல் நிற்கும். தொங்கும் பிணைப்பு என்பது இதுதான். யோஷியோ நிஷி 1971-இல் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வில் (ஜோடி சேராத எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் கண்டறியும் முறை) இதன் அடையாளத்தைப் பதிவு செய்தார். இத்துறையில் இதைப் பிபி மையம் என்பார்கள். இதன் ஆற்றல் மட்டங்கள் சிலிக்கானின் இடைவெளிக்குள்ளேயே விழுகின்றன: ஒன்று கீழ்ப்பாதியில், ஒன்று மேல்பாதியில். எலக்ட்ரான் இல்லாவிட்டால் நேர்மின், ஒன்று இருந்தால் நடுநிலை, இரண்டு இருந்தால் எதிர்மின். ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல்வரை நிரம்பியிருக்கின்றன என்பதைக் காட்டும் கோடு) மேலும் கீழும் போகும்போது இந்த மையம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். ஆகவே இதற்கு இடைமுகப் பொறி என்று பெயர்.

இன்னொரு வகை, ஆக்சைடுக்கு உள்ளேயே இருக்கும் ஆக்சிஜன் வெற்றிடம். நடுவிலிருந்த ஆக்சிஜன் போய்விட, இரண்டு சிலிக்கான்கள் நேருக்கு நேர் நிற்கும். அங்கே ஒரு துளை மாட்டிக்கொண்டால் அந்த இடம் நேர்மின்னாக நின்றுவிடும்.

1980-இல் புரூஸ் டீல் இவற்றுக்கெல்லாம் பொதுவான பெயர்களை முன்வைத்தார். இடைமுகப் பொறி, இடமும் அளவும் மாறாத நிலை மின்னூட்டம், ஆக்சைடில் பிடிபட்ட மின்னூட்டம், நகரும் அயனி என்று நான்கு. கீழே வரும் படிகளில் இந்த நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்போகிறோம்.

படி 2: குறையே இல்லாவிட்டால் என்ன வரவேண்டும்?

இதைக் கணக்கிடாமல் அளக்க உட்காராதீர்கள். எதிர்பார்ப்பு இருந்தால்தான் விலகல் கண்ணில் படும்.

ஆக்சைடின் ஒப்புமை விடுதிறன் 3.9. அதை வெற்றிட விடுதிறனான 8.854 × 10⁻¹⁴ ஃபாரட்/செ.மீ.யால் பெருக்கி, தடிமனான 10⁻⁶ செ.மீ.யால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 3.45 × 10⁻⁷ ஃபாரட். நம் புள்ளியின் பரப்பு 1.963 × 10⁻³ சதுர செ.மீ. ஆக மொத்தம் சுமார் 678 பிகோஃபாரட். எதிர்மின் வோல்ட் கொடுக்கும்போது துளைகள் இடைமுகத்தில் வந்து குவியும். அப்போது மீட்டர் இந்த எண்ணைக் காட்டவேண்டும்.

வோல்ட்டை நேர்மின் பக்கம் நகர்த்தினால் துளைகள் விலகிப்போய் ஒரு வெறுமைப் பகுதி உருவாகும். 10¹⁵ அளவு மாசூட்டலுக்கு அது அதிகபட்சம் 0.88 மைக்ரோமீட்டர் வரை விரியும். அதுவும் ஆக்சைடும் தொடரிணைப்பில் இருக்கும் இரண்டு மின்தேக்கிகள் என்பதால் மொத்தம் சுமார் 22 பிகோஃபாரட்டாக இறங்கிவிடும். இவை இரண்டுக்கும் நடுவே, சிலிக்கானின் பட்டைகள் வளையாமல் தட்டையாக நிற்கும் ஒரு புள்ளி உண்டு. அதற்கான மின்தேக்குத்திறன் நம் எடுத்துக்காட்டில் 127 பிகோஃபாரட். அலுமினியத்தின் வெளியேற்று ஆற்றல் 4.1, நம் சிலிக்கானுடையது 4.9 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே அந்தப் புள்ளி மைனஸ் 0.8 வோல்ட்டில் வரவேண்டும்.

678, 127, 22, மைனஸ் 0.8. இந்த நான்கு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

படி 3: அளப்பது

புரோப் ஸ்டேஷனின் பெட்டியை மூடி இருட்டாக்குங்கள். வெளிச்சம் விழுந்தால் சிலிக்கானில் எலக்ட்ரான்–துளை ஜோடிகள் பிறந்து, 22 இருக்கவேண்டிய இடத்தில் 40, 50 என்று காட்டும். நுண்ணோக்கியின் விளக்கை அணைக்க மறந்து ஒரு நாள் முழுக்க எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அதிர்வெண் 1 மெகாஹெர்ட்ஸ். அளப்பதற்காக வோல்ட்டின் மேல் ஏற்றும் சிறு மாறுதிசை அலை 20 மில்லிவோல்ட் போதும். பிளஸ் 2-இலிருந்து மைனஸ் 3 வோல்ட் வரை மெதுவாகப் போய், அதே வேகத்தில் திரும்பி வாருங்கள். திரும்பும் கோடும் கட்டாயம் வேண்டும்.

குவியும் பகுதியில் 678-க்குப் பதில் 600-தான் வருகிறதா? அதிர்வெண்ணை 100 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். எண் ஏறினால் வேஃபரின் பின்பக்கத் தொடர்பு சரியில்லை; தொடர்மின்தடை உங்களை ஏமாற்றுகிறது. ஏறாவிட்டால் படலம் நீங்கள் நினைத்ததைவிடத் தடிமனாக இருக்கிறது.

படி 4: கோடு எவ்வளவு தள்ளி நிற்கிறது?

வரைகோட்டில் 127 பிகோஃபாரட்டைத் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது மைனஸ் 0.8-இல் இல்லாமல் மைனஸ் 1.0-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.2 வோல்ட் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. படலத்தில் ஏற்கெனவே நேர்மின்னூட்டம் உட்கார்ந்திருப்பதால், பட்டைகளைத் தட்டையாக்க மேலும் எதிர்மின் வோல்ட் தேவைப்பட்டிருக்கிறது.

எவ்வளவு மின்னூட்டம்? 0.2-ஐ 3.45 × 10⁻⁷-ஆல் பெருக்கி, எலக்ட்ரானின் மின்னூட்டமான 1.6 × 10⁻¹⁹-ஆல் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 4.3 × 10¹¹. சிலிக்கானின் 100 முகத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 6.8 × 10¹⁴ அணுக்கள் உண்டு. வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1,600 அணுவுக்கு ஒரு குறை. வெறும் வோல்ட்மீட்டர் கணக்கில் அணுக்களை எண்ணியிருக்கிறோம்! இந்த இடம் எத்தனை முறை வந்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. மின்னூட்டம் முழுவதும் இடைமுகத்தை ஒட்டியே இருப்பதாக எண்ணித்தான் இந்தக் கணக்கைப் போட்டோம். அது படலத்தின் நடுவில் இருந்தால் அதே 0.2 வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு மின்னூட்டம் வேண்டும். இதை உறுதிசெய்ய வேறு வேறு தடிமனில் மூன்று நான்கு படலங்கள் வளர்த்து, தடிமனுக்கு எதிராகத் தட்டைப் புள்ளி வோல்ட்டை வரையவேண்டும். நேர்கோடு வந்தால் மின்னூட்டம் இடைமுகத்தில்தான் இருக்கிறது. வேலை அதிகம்தான், ஆனால் ஒரே படலத்தை வைத்துச் சொல்லும் எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை.

படி 5: போன கோடும் வந்த கோடும்

இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் நல்லது. விலகி நின்றால் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள். எல்லாத் தகவலும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

புள்ளியின் மேல் நேர்மின் வோல்ட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தபின் கோடு வலப்பக்கம் போனால், சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான்கள் ஏறிவந்து ஆக்சைடின் பொறிகளில் மாட்டியிருக்கின்றன. இடப்பக்கம் போனால், ஆக்சைடுக்குள் இருந்த நேர்மின் அயனிகளை அந்த வோல்ட் சிலிக்கான் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது. அயனிதானா என்று உறுதி செய்ய, வேஃபரை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, 1 வோல்ட் கொடுத்துச் சில நிமிடங்கள் வைத்து, அந்த வோல்ட்டுடனேயே குளிரவிட்டு மறுபடி அளக்கவேண்டும். பிறகு மைனஸ் 1 வோல்ட்டில் அதையே செய்தால் கோடு திரும்பி வரும். திரும்பி வந்தால் அயனி.

அந்த அயனி பெரும்பாலும் சோடியம். 1960-களின் தொடக்கத்தில் மாஸ் டிரான்சிஸ்டர்களைப் படாதபாடு படுத்தியது இதுதான். காலையில் அளந்த வோல்ட் மாலையில் இருக்காது. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஸ்னோ, குரோவ், டீல், ஷா நால்வரும் 1965-இல் இந்த நகர்வை சோடியம் போன்ற அயனிகளோடு பொருத்திக் காட்டினார்கள். வியர்வையிலும் குழாய்த் தண்ணீரிலும் சோடியம் இருக்கிறது. கையுறை இல்லாமல் பிடித்த ஒரு சாமணம் ஒரு தொகுதி வேஃபர்களையே கெடுத்துவிடும். ஆக்சைடு வளர்க்கும் முன் வேஃபரை அவ்வளவு கவனமாகக் கழுவுவது இதற்காகத்தான்.

படி 6: கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது?

நிலை மின்னூட்டம் கோட்டை அப்படியே பக்கவாட்டில் தள்ளும்; வடிவத்தை மாற்றாது. இடைமுகப் பொறிகள் கோட்டை இழுத்து நீட்டிவிடும். கொடுக்கும் வோல்ட்டில் ஒரு பங்கு அவற்றை நிரப்பவே செலவாகிவிடுவதுதான் காரணம்.

இதை எண்ண எளிய வழி, அதே புள்ளியை இரண்டு வேகங்களில் அளப்பது. 1 மெகாஹெர்ட்ஸில் பொறிகளால் பெரும்பாலும் ஈடுகொடுக்க முடியாது. மிக மெதுவாக அளந்தால் அவையும் எலக்ட்ரானை வாங்கி விட்டு, தங்கள் பங்கு மின்தேக்குத்திறனைச் சேர்க்கும். ஒரு வோல்ட்டில் வேகமாக அளந்தது 40, மெதுவாக அளந்தது 50 பிகோஃபாரட் என்று கொள்வோம். இரண்டிலிருந்தும் தொடரிணைப்பில் உள்ள ஆக்சைடின் 678-இன் பங்கை நீக்கவேண்டும். 50-ஐயும் 678-ஐயும் பெருக்கி, அவற்றின் வித்தியாசமான 628-ஆல் வகுத்தால் 54.0. அதேபோல் 40-க்கு 42.5. வித்தியாசம் 11.5 பிகோஃபாரட். பரப்பாலும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தாலும் வகுத்தால், சதுர செ.மீ.க்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 3.7 × 10¹⁰ பொறிகள். நல்ல படலம் என்று தைரியமாகச் சொல்லலாம். உலையிலிருந்து எடுத்தவுடனே அளந்தால் 10¹¹, 10¹² என்று வருவதும் சாதாரணம், பதற வேண்டாம்.

படி 7: ஹைட்ரஜனில் சுடுவது, மறுபடி அளப்பது

நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்த வாயுவில், 400 முதல் 450 டிகிரியில் அரை மணி நேரம் அனீல் செய்யுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் கையை ஹைட்ரஜன் அணு வந்து பிடித்துக்கொள்ளும். இடைவெளிக்குள் இருந்த மட்டங்கள் விலகிவிடும். படி 6-ஐத் திரும்பச் செய்தால் எண் 10¹⁰ அளவுக்கு இறங்கியிருக்கும். ஆனால் படி 4-இன் நகர்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும். நிலை மின்னூட்டத்தைத் தீர்மானிப்பது கடைசியாக ஆக்சிஜனேற்றம் நடந்த வெப்பநிலை; அதைக் குறைக்க நைட்ரஜனிலோ ஆர்கானிலோ உயர் வெப்பத்தில் அனீல் செய்யவேண்டும். இரண்டு குறைக்கும் ஒரே மருந்து என்று நினைத்து ஏமாறுவோர் அதிகம்.

பிடித்துக்கொண்ட ஹைட்ரஜன் என்றைக்கும் நிற்கும் என்பதில்லை. டிரான்சிஸ்டர் ஓடும்போது வேகமான எலக்ட்ரான்கள் மோதி அதைத் தட்டிவிடுகின்றன. 1996-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தில் சுட்டுப் பார்த்தார்கள். டிரான்சிஸ்டரின் ஆயுள் பத்து மடங்குக்கும் மேல் கூடியது. வேதியியலில் இரண்டும் ஒன்றேதான். எடை மட்டும் இரண்டு மடங்கு.

படி 8: அடுத்து ஹாஃப்னியம் ஆக்சைடு

சிலிக்கான் டைஆக்சைடில் கை பழகியபின் இதற்கு வாருங்கள். இன்டெல் 2007-இல் 45 நானோமீட்டர் சிப்புகளில் கொண்டுவந்தது ஹாஃப்னியம் அடிப்படையிலான படலத்தைத்தான். ஒப்புமை விடுதிறன் 20-க்கு அருகில் என்பதால், 10 நானோமீட்டர் படலம் மின்சாரக் கணக்கில் 2 நானோமீட்டர் சிலிக்கான் டைஆக்சைடுக்குச் சமம். ஆனால் இடைவெளி 6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. எலக்ட்ரானுக்கான சுவர் 1.5 அளவுதான். ஆக்சிஜன் வெற்றிடங்களின் மட்டங்களும் சிலிக்கானின் கடத்தும் பட்டைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. படி 1-இன் படத்தை இந்த எண்களோடு மறுபடி வரையுங்கள். படி 5-இன் வலப்பக்க நகர்வு இங்கே ஏன் பெரிதாக வருகிறது என்பது வரையும்போதே தெரிந்துவிடும்.

ஆகவே நேர்மின் எல்லையை முதலிலேயே 2 வோல்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 0.5-இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கால் வோல்ட் கூட்டி, போகும் கோட்டையும் திரும்பும் கோட்டையும் பதிவு செய்துகொண்டே வாருங்கள். சில சுற்றுகள் இரண்டும் ஒட்டியே இருக்கும். ஏதோ ஒரு சுற்றில் திரும்பும் கோடு வலப்பக்கம் நகரத் தொடங்கும். அந்த வோல்ட்டைக் குறித்துவையுங்கள்: சிலிக்கானின் எலக்ட்ரான்கள் படலத்தின் பொறிகளை எட்டத் தொடங்கியது அங்கேதான்.