வெளிநாட்டுச் சந்தைக்குள் நுழையும் வழியைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் வியாபாரம் தொடங்க வழிகள் பல. சரக்கை ஏற்றுமதி செய்யலாம். நம் பெயரையோ தொழில்நுட்பத்தையோ பயன்படுத்திக்கொள்ள அந்த நாட்டு நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு, அதற்கான கட்டணமாக ராயல்டி வாங்கலாம். ஃபிரான்சைஸ், அதாவது நம் பெயரில் நம் முறைப்படி கடை நடத்தும் உரிமை, கொடுக்கலாம். உள்ளூர்க்காரரோடு சேர்ந்து கூட்டு நிறுவனம் தொடங்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியை விலைக்கு வாங்கலாம். அல்லது இடம் பிடித்து, ஆள் எடுத்து, எல்லாவற்றையும் சொந்தமாகவே கட்டலாம். ஏற்றுமதியிலிருந்து சொந்த நிறுவனம் வரை போகப் போகப் பொதுவாக நம் கையில் இருக்கும் கட்டுப்பாடு கூடும். போடும் முதலும், போனால் போகும் பணமும் சேர்ந்தே கூடும்.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதிலேயே தவறு ஆரம்பமாகிறது. நம்மிடம் இருப்பதில் எது பிறர் கைக்குப் போனால் தொழிலே படுத்துவிடும்? அந்த நாட்டில் நமக்கு இல்லாதது எது? சரிவராவிட்டால் எப்படி வெளியே வருவது? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதிப் பார்த்தால் பாதி வழிகள் தாமாகவே அடிபட்டுப் போகும். ஆனால் பல நிறுவனங்கள் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கான காரணத்தைப் பிறகுதான் தேடுகின்றன.

போன நாட்டில் நடந்ததை வைத்து இந்த நாட்டுக்கு முடிவெடுப்பது இதில் ஒரு வகை. டிஸ்னியின் கதை நல்ல உதாரணம். 1983இல் டோக்கியோவில் கேளிக்கைப் பூங்கா திறந்தபோது டிஸ்னி அதன் உரிமையாளர் இல்லை. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் பணம் போட்டுக் கட்டியது. டிஸ்னி தன் பெயரையும் அனுபவத்தையும் கொடுத்து ராயல்டி வாங்கிக்கொண்டது. பூங்காவில் கூட்டம் அலைமோதியது. லாபத்தின் பெரும்பகுதி உரிமையாளருக்கே போயிற்று. அடுத்து 1992இல் பாரிஸ் அருகே திறந்தபோது டிஸ்னி 49 சதவீதப் பங்கு வைத்துக்கொண்டது. ஹோட்டல்கள் உட்பட எல்லாமே பெரிய அளவில், பெரும் கடனில் கட்டப்பட்டன. அந்த நேரம் ஐரோப்பியப் பொருளாதாரம் மந்தமாகிவிட்டது. வட்டி கழுத்தை நெரித்தது. 1994இல் கடனைச் சீரமைக்க வேண்டிய நிலை வந்தது. டோக்கியோவில் கை நழுவிய லாபம் பாரிஸ் கணக்கில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததால், டோக்கியோவில் தவிர்க்கப்பட்ட ஆபத்து கண்ணில் படவில்லை என்றே நினைக்கிறேன். ராயல்டி குறைவாக இருப்பதற்குக் காரணமே, நஷ்டம் வந்தால் அதை வேறொருவர் சுமக்கிறார் என்பதுதான்.

கூட்டு நிறுவனத்தில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதிகமான மனக்கசப்பும் வழக்கும் இங்கேதான். 51 சதவீதம் கையில் இருந்தால் நிர்வாகமும் கையில் இருக்கும் என்று நம்புவது எல்லோரும் செய்யும் பிழை. பிரான்ஸின் உணவு நிறுவனமான டேனோன், சீனாவின் பான நிறுவனமான வாஹாஹாவோடு 1996இல் கூட்டு சேர்ந்தது. பின்னர் பெரும்பான்மைப் பங்கும் டேனோன் வசம் வந்தது. ஆனால் அன்றாட நிர்வாகம், விற்பனை வலைப்பின்னல், ஊழியர்களின் விசுவாசம் எல்லாம் வாஹாஹா நிறுவனரிடமே இருந்தன. அதைவிட முக்கியம், வாஹாஹா என்ற டிரேட்மார்க்கை, அதாவது பதிவு செய்த வியாபாரப் பெயரை, கூட்டு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுவதற்குச் சீன அதிகாரிகளின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கூட்டுக்கு வெளியே இருந்த வேறு கம்பெனிகள் அதே பெயரில் அதே மாதிரிச் சரக்கை விற்பதாக 2007இல் சண்டை வெளியே வந்தது. பல நாடுகளில் வழக்குகள் நடந்தன. 2009இல் டேனோன் தன் பங்கை வாஹாஹா தரப்புக்கே விற்றுவிட்டு விலகியது.

ஆகவே பங்கு எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. பெயர் யாருடையது? காசோலையில் யார் கையெழுத்து? வாடிக்கையாளர் யாரைத் தெரிந்து வைத்திருக்கிறார்? கூட்டாளி இதே தொழிலைத் தனியாகவும் நடத்தலாமா?

அப்புறம், சில சமயம் கூட்டு என்பது விருப்பமே இல்லை, சட்டம். சீனாவில் கார் தயாரிக்க வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் நீண்ட காலம் உள்ளூர்க் கூட்டாளியோடுதான் வர முடிந்தது. மின்சாரக் கார்களுக்கு அந்த வரம்பு 2018இல் நீக்கப்பட்ட பிறகே டெஸ்லா ஷாங்காயில் முழுச் சொந்தமாகத் தொழிற்சாலை அமைத்தது. விதி நாளை மாறலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் யோசித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டியாளர் சுதந்திரமாக வரும்போது நாம் பழைய கூட்டிலேயே கட்டுண்டு கிடப்போம்.

லைசென்ஸ், ஃபிரான்சைஸ் விஷயத்தில் மிகச் சாதாரணமான தவறு, கிளம்பும் முன் டிரேட்மார்க்கைப் பதிவு செய்யாமல் இருப்பது. டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனித்தனி. பர்கர் கிங் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்தப் பெயரை அடிலெய்டில் ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தார். அதனால் அங்கே கடைகள் ஹங்ரி ஜாக்ஸ் என்ற பெயரில் வந்தன; இன்றும் அப்படியே நடக்கின்றன. தொழில்நுட்பத்தை லைசென்ஸ் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இன்று ராயல்டி கொடுப்பவர் வேலையைக் கற்றுக்கொண்டு நாளை எதிர்க்கடை போடலாம். எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய ரகசியத்தை நம்பித்தான் நம் தொழில் ஓடுகிறது என்றால், லைசென்ஸ் பக்கமே போகக் கூடாது என்பது என் கருத்து.

கம்பெனியை வாங்கினால் நேரம் மிச்சம் என்பது பாதி உண்மை. கடை உடனே கிடைக்கும். அதை நம் வழிக்குக் கொண்டுவர வருடங்கள் ஆகும். வால்மார்ட் ஜெர்மனியில் 1997, 1998 என்று அடுத்தடுத்து இரண்டு வெவ்வேறு கடைத்தொடர்களை வாங்கி உள்ளே போனது. 2006இல் எல்லாவற்றையும் மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

எந்த வழியில் போனாலும், எடுத்த எடுப்பிலேயே முழு அளவில் இறங்குவது தனி ஆபத்து. அமெரிக்கக் கடைத்தொடரான டார்கெட், கனடாவில் செல்லர்ஸ் கடைகளின் குத்தகையை 2011இல் மொத்தமாக வாங்கியது. குத்தகை கையில் இருந்தால் வாடகை ஓடும். அதனால் திறந்தே ஆக வேண்டிய கட்டாயம். 2013இல் தொடங்கிச் சீக்கிரமே நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் வந்துவிட்டன. ஆனால் சரக்கு அனுப்பும் அமைப்பு அதற்குத் தயாராக இல்லை. புதிய கணினி அமைப்பில் பொருட்களின் அளவு உள்ளிட்ட விவரங்கள் தப்பும் தவறுமாக ஏறியிருந்தன. கிடங்கில் சரக்கு நிரம்பி வழிந்தது, கடை அலமாரியோ காலி. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தார்கள். அந்தத் தவறுகளைப் பத்துக் கடைகளில் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கலாம்.

கடைசியாக, வெளியேறும் வழி. ஒப்பந்தத்தில் எழுதினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. அந்த நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்குமா என்றும் பார்க்க வேண்டும். ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான டோகோமோ 2009இல் டாடாவின் தொலைபேசி நிறுவனத்தில் சுமார் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது, இலக்கு எட்டப்படாவிட்டால் வாங்கிய விலையில் குறைந்தது பாதியாவது திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கியிருந்தது. 2014இல் விலக முடிவு செய்தபோது, முன்கூட்டியே பேசிய விலையில் பங்கை வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி தரவில்லை. லண்டன் நடுவர் மன்றம் 2016இல் 117 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் இரு தரப்பின் உடன்பாட்டை ஏற்ற பிறகே விவகாரம் தீர்ந்தது. நல்ல வழக்கறிஞர்கள் எழுதிய ஷரத்துதான். ஆனாலும் பணம் கைக்கு வர மூன்று வருடம் ஆயிற்று.