மெட்ராஸ் ஐ வந்தால் செய்யக்கூடாதவை

ஐப்பசி மழை இறங்கியதும் எங்கள் கண் பரிசோதனை மையத்தில் வரிசை நீண்டுவிடும். சிலர் சிவந்த கண்ணோடு வருவார்கள். அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் அடுத்த வாரம் அதே கண்ணோடு தனியாக வருவார்கள். புதிதாகப் பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளைகள் ஒருவரின் இமையைத் தூக்கிப் பார்த்த கையோடு அடுத்தவரின் இமையைத் தூக்குவார்கள். நாங்கள் படித்தபோதும் இதே கூத்துதான். கண்ணைக் கசக்காதே, துண்டைப் பகிராதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுவது

ஒட்டாது. கருப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்குத்தான்.

சானிடைசரை மட்டும் நம்புவது

கொரோனா விட்டுச் சென்ற பழக்கம் இது. கொரோனா வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு, அதை ஆல்கஹால் உடைத்துவிடும். மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் காரணமான அடினோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது, ஆல்கஹாலுக்கு அவ்வளவாக அசையாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். கதவுப் பிடி, செல்போன், தலையணை உறை ஆகியவற்றில் நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும்.

கடையில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்து

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

மெட்ராஸ் ஐ வைரஸால் வந்திருந்தால் அதைக் கொல்லும் சொட்டு மருந்து கடையில் இல்லை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். அதுவரை குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒத்தடம், உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, அப்புறம் பொறுமை. ஆனால் நாளைக்கே வேலைக்குப் போக வேண்டியவர் பொறுக்க மாட்டார். மெடிக்கலில் போய், "கண் வலிக்கு நல்ல மருந்தாகக் கொடுங்கள்" என்பார். கடைக்காரரும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த குப்பி ஒன்றை எடுத்து நீட்டுவார்.

ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் வேகமாகக் குறைக்கும். கண்ணாடியில் பார்த்தால் கண் வெளுத்திருக்கும். "கைராசியான கடை" என்று பெயரும் கிடைத்துவிடும். உள்ளே நடப்பது வேறு. வைரஸோடு சண்டை போடும் எதிர்ப்புச் சக்தியைத்தான் அந்த மருந்து அடக்கியிருக்கிறது. அதனால் வைரஸ் கண்ணில் கூடுதல் நாள் தங்கும், கூடுதல் நாள் பிறருக்குப் பரவும். மருந்தை நிறுத்தினால் சிவப்பு திரும்பவும் வரும், உடனே இன்னொரு குப்பி வாங்குவார்கள்.

கார் அறுவடைச் சமயத்தில் ஒரு விவசாயி வந்தார். கண்ணில் நெல் தூசு அடித்திருந்தது. அதே வாரம் வீட்டில் மகனுக்கு மெட்ராஸ் ஐ. தனக்கும் அதுதான் என்று முடிவு கட்டி, மகனுடைய குப்பியையே எடுத்துப் போட்டிருக்கிறார். முதலில் சிவப்பு குறைந்ததாம். எங்களிடம் வந்தபோது கருவிழியில் வெள்ளையாக ஒரு புண். தூசோடு உள்ளே போன பூஞ்சைக்கு ஸ்டீராய்டு தாராளமாக வழிவிட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நாட்டமைசின் சொட்டு மருந்தை ஆரம்பத்தில் ராத்திரி பகலாக மணிக்கொரு தரம் விட வேண்டியிருந்தது. புண் ஆறியது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் இப்போது வெளிச்சத்தையும் நிழலையும்தான் பிரிக்க முடிகிறது. குப்பியை வாங்கிப் பார்த்தேன்: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து.

ஹெர்பிஸ் வைரஸால் வரும் கருவிழிப் புண்ணுக்கும் இதே கதைதான்; ஸ்டீராய்டு பட்டால் படர்ந்துவிடும். பூஞ்சையும் இல்லை, ஹெர்பிஸும் இல்லை என்றாலும் வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும். எல்லோருக்கும் ஏறாது, ஆனால் யாருக்கு ஏறும் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. வலியும் இருக்காது. கண் நரம்பு கெட்ட பிறகு தெரிந்து பயனில்லை, போன பார்வை திரும்பாது. கோடைதோறும் அலர்ஜியில் கண் அரிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குப்பியை வருடக்கணக்கில் விட்டுவரும் பெற்றோரைப் பார்க்கிறேன். அலர்ஜி அடுத்தவருக்குத் தொற்றக்கூட தொற்றாது!

"டாக்டரே எழுதிக் கொடுத்தாரே" என்பீர்கள். எழுதுவார். இமைக்குள் சவ்வு படர்ந்தாலோ, நோய் அடங்கிய பிறகும் கருவிழியில் புள்ளிகள் தங்கிப் பார்வை மங்கினாலோ ஸ்டீராய்டு தேவைப்படலாம். ஆனால் அவர் ஸ்லிட் லாம்ப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் கருவிழியைப் பார்த்து, அழுத்தம் அளந்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். போன வருடம் வேறு யாருக்கோ எழுதிய சீட்டு உங்களுக்கு உதவாது.

லேபிளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் என்று ஏதாவது ஸ்டீராய்டு பெயர் இருந்தால், உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவர் சொல்லாமல் திறக்காதீர்கள்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய்

வேண்டாம்.

ஒரே பஞ்சால் இரண்டு கண்ணையும் துடைப்பது

கொதித்து ஆறிய நீர், கண்ணுக்கு ஒரு பஞ்சு, துடைத்ததும் குப்பை. குப்பியின் முனையை இமையில் படவிட்டாலும் இதே ஆபத்துதான்.

பீளை குறைந்ததும் பள்ளிக்கு அனுப்புவது

கண் சிவந்து நீர் வடிகிற வரைக்கும் பரவும். பரீட்சை இருந்தால் பள்ளியிடம் பேசுங்கள், தனி பெஞ்ச் கிடைக்கும்.

சிவந்ததெல்லாம் மெட்ராஸ் ஐ என்று காத்திருப்பது

மெட்ராஸ் ஐயில் மணல் விழுந்தது போல உறுத்தும், நீர் வடியும், காலையில் இமை ஒட்டும். பீளையைத் துடைத்தபின் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். துடைத்தும் மங்கலாக இருந்தாலோ, கடுமையாக வலித்தாலோ, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாவிட்டாலோ, கண்ணில் ஏதாவது அடித்திருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் லென்ஸைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகவும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கண் சிவந்து பீளை தள்ளினால் அது அவசரம். கொனோரியா கிருமியாக இருந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.