ஐஎம்இஐ எண்ணைத் தாளிலேயே சரிபார்க்க: 1954-இல் லூன் போட்ட கணக்கு

பழைய போன் வாங்கும்போது *#06# அடித்துப் பாருங்கள். அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதில் கடைசி இலக்கம், முன்னுள்ள 14-ஐ வைத்துக் கணக்கிட்டுச் சேர்த்த சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் கணினி நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் இதற்குக் காப்புரிமை கேட்டபோது அவருக்கு வயது 57. அவர் காட்டியது மென்பொருள் அல்ல, கையில் பிடிக்கும் ஓர் இயந்திரம். ஏடிஎம் கார்டு எண்ணுக்கும் இன்று இதே கணக்குதான்.

உதாரணத்துக்கு 490154203237518. வலது கோடியிலிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். கடைசி 8-ஐத் தொடக்கூடாது. அதற்கு இடப்பக்கமுள்ள 1-தான் முதலில் இரட்டிக்கும். இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழியுங்கள்: 7 என்பது 14 ஆகி 5 ஆகும். இப்படி 1, 7, 2, 0, 4, 1, 9 ஆகியவை 2, 5, 4, 0, 8, 2, 9 ஆகின்றன, கூட்டினால் 30. தொடாமல் விட்டவை 8, 5, 3, 3, 2, 5, 0, 4, அதுவும் 30. மொத்தம் 60. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரி.

பலர் சறுக்குவது இடமிருந்து தொடங்குவதில்தான். முதல் இலக்கத்தை இரட்டித்துத் தொடங்கினால் 16 இலக்கக் கார்டில் விடை சரியாக வரும், 15 இலக்க ஐஎம்இஐயில் கவிழும். சில போன்கள் மென்பொருள் பதிப்பையும் சேர்த்து 16 இலக்கமாகக் காட்டும். அதில் சரிபார்ப்பு இலக்கமே கிடையாது, கணக்குப் போட்டுப் பயனில்லை.

போன் பெட்டியில் அச்சிட்ட எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் அழிந்திருந்தால் 0 முதல் 9 வரை போட்டுப் பாருங்கள், ஒன்றுதான் பொருந்தும். ஓர் இலக்கம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு கட்டாயம் பிடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் பிடிக்கும், 09 என்பது 90 ஆனால் மட்டும் தப்பிவிடும்: 0-ஐ இரட்டித்தாலும் 0, 9-ஐ இரட்டித்துக் கழித்தாலும் 9.

கணக்கு சரியாக வந்ததாலேயே போன் நல்ல போன் ஆகிவிடாது. மனம்போன போக்கில் எழுதிய எண்களிலும் பத்தில் ஒன்று தேறும். திருட்டுப் போனா என்று பார்க்க அரசின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. ஆதார் எண்ணில் இதைப் போடாதீர்கள். அதற்கு டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் தந்த வேறு முறை. அது 09, 90 குழப்பத்தையும் பிடிக்கும், ஆனால் அட்டவணை இல்லாமல் கையால் போடுவது கடினம்.