நட்எக்ஸ் ஷெல்லில் மவுண்ட் ஆகியுள்ள கோப்பு முறைமைகளைப் பட்டியலிடுவது எப்படி

லினக்ஸில் பழகிய ஒருவர், நட்எக்ஸ் இயங்கும் சிறு பலகை ஒன்றை முதன்முறையாகக் கணினியுடன் இணைத்து, அதன் ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டும் இடத்தில்) மவுண்ட், அதாவது ஒரு கோப்பு முறைமையை ஓர் அடைவில் இணைக்கும் கட்டளையைத் தட்டினால், வரும் விடையைக் கண்டு சற்றுக் குழம்பிப் போவார். இரண்டு மூன்று வரிகள் மட்டுமே வரும். அவற்றுள் "/" என்னும் மூல அடைவுக்கு வரி இருக்காது. எந்தச் சேமிப்புச் சாதனம் எந்த அடைவில் இணைந்துள்ளது என்ற விவரமும் இருக்காது. பட்டியல் குறைபட்டது போலத் தோன்றினாலும் அதில் பிழை எதுவும் இல்லை. நட்எக்ஸ் தன் கோப்பு மரத்தைக் கட்டியுள்ள விதமே வேறு என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தப் பட்டியலைச் சரியாக வாசிக்க முடியும்.

நட்எக்ஸ் என்பது கிரெகரி நட் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட நிகழ்நேர இயக்க முறைமை. 2019 டிசம்பரில் அது அப்பாச்சி அறக்கட்டளையின் இன்குபேட்டருக்குள் வந்தது. 2022இல் அங்கே முதல்நிலைத் திட்டமாக உயர்ந்தது. ட்ரோன்களில் பயன்படும் பிஎக்ஸ்4 மென்பொருளும், சோனியின் ஸ்ப்ரெசென்ஸ் பலகைக்கான மென்பொருள் தொகுப்பும் இதன் மீதே இயங்குகின்றன. இதனுடன் வரும் ஷெல்லின் பெயர் நட்ஷெல், சுருக்கமாக என்எஸ்எச். இக்கட்டுரையில் கட்டளைகளையும் பாதைகளையும் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்தான் தட்ட வேண்டும். உதாரணமாக, ஈடிசி என்பது மூன்று எழுத்துகள், டிஎஃப் என்பது இரண்டு எழுத்துகள்.

பலகையின் சீரியல் கன்சோலுடன் இணைந்ததும் (பெரும்பாலான பலகைகளில் வேகம் நொடிக்கு 1,15,200 பிட்) என்டர் விசையை ஒருமுறை அழுத்தினால் "என்எஸ்எச்>" என்ற அழைப்புக்குறி தோன்றும். பிஎக்ஸ்4 ஏறிய ட்ரோனாக இருந்தால், ட்ரோனைத் தரையிலிருந்து கட்டுப்படுத்தும் கியூகிரவுண்ட்கன்ட்ரோல் செயலியில் உள்ள மாவ்லிங்க் கன்சோல் வழியாகவும் இதே ஷெல்லை அடையலாம். கையில் பலகை இல்லாதவர்கள், லினக்ஸ் கணினியிலேயே சாதாரண நிரலாக ஓடும் நட்எக்ஸ் சிமுலேட்டரைத் தொகுத்து, கீழே சொல்லும் பெரும்பாலானவற்றைச் செய்து பார்க்கலாம்.

இனி, எந்த அளவுருவும் சேர்க்காமல் மவுண்ட் என்று மட்டும் தட்டுங்கள். விடை ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

என்எஸ்எச்> மவுண்ட்
/ஈடிசி டைப் ரோம்எஃப்எஸ்
/ப்ராக் டைப் ப்ராக்எஃப்எஸ்
/டிஎம்பி டைப் விஃபேட்

ஒவ்வொரு வரியிலும் இரண்டே செய்திகள் உள்ளன: முதலில் மவுண்ட் ஆன இடம், அடுத்து கோப்பு முறைமையின் வகை. ரோம்எஃப்எஸ் வாசிக்க மட்டுமே முடிந்த வகை; ப்ராக்எஃப்எஸ் முறைமையின் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் வகை; விஃபேட் என்பது எஸ்டி அட்டைகளில் வழக்கமாகக் காணும் ஃபேட் வகை. வரிகள் பெயர்களின் ஆங்கில அகரவரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். மவுண்ட் செய்த கால வரிசைக்கும் இந்தப் பட்டியலுக்கும் தொடர்பில்லை. இயக்க முறைமையின் மையமான கர்னல், அடைவுகளையும் சாதனங்களையும் கணுக்களாகக் கொண்ட தன் ஐநோட் மரத்தை ஒரு முனையிலிருந்து நடந்து சென்று, மவுண்ட் புள்ளி என்று குறிக்கப்பட்ட கணுக்களை மட்டும் எழுதித் தருகிறது. அந்த மரத்தில் உடன்பிறந்த கணுக்கள் பெயர் வரிசையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, கடைசி வரியில் இருப்பதுதான் கடைசியாக மவுண்ட் ஆனது என்று எண்ணிவிடக் கூடாது.

மூல அடைவுக்கு வரி இல்லாததன் காரணமும் இந்த மரத்திலேயே இருக்கிறது. லினக்ஸ் எழும்போது, வட்டிலோ நினைவகத்திலோ உள்ள ஏதோ ஒரு கோப்பு முறைமையை "/" என்ற இடத்தில் மவுண்ட் செய்தே தீர வேண்டும். நட்எக்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை. அதன் மூல அடைவு, நினைவகத்தில் கர்னலே கட்டி வைத்திருக்கும் போலிக் கோப்பு முறைமை; /டெவ் என்ற அடைவும் அதற்குள் இருக்கும் சாதனப் பெயர்களும் அதன் கணுக்களே. யாரும் மவுண்ட் செய்யாத ஒன்று மவுண்ட் பட்டியலில் வராமல் இருப்பது இயல்புதானே. வட்டே இல்லாமல், சில பத்து கிலோபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு எழ வேண்டிய ஒரு முறைமைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து.

இதிலிருந்து நடைமுறையில் ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. எல்எஸ் கட்டளை ஓர் அடைவைக் காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து, அங்கே ஏதோ மவுண்ட் ஆகியிருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. போலிக் கோப்பு முறைமையிலும் எம்கேடிர் கட்டளையால் வெறும் அடைவுகளை உருவாக்க முடியும். ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் எஸ்டி அட்டைக்கான அடைவை முதலில் உருவாக்கிவிட்டு, அட்டை இல்லாததால் மவுண்ட் கட்டளையில் தோற்றுப் போயிருந்தாலும், அந்த அடைவு எல்எஸ் விடையில் நின்றுகொண்டிருக்கும். நான் ஒருமுறை அத்தகைய வெற்று அடைவுக்குள் பதிவுக் கோப்பு எழுத முயன்று, அட்டை பழுதாகிவிட்டது என்று எண்ணி அரை நாளை வீணடித்தேன். மவுண்ட் என்று ஒருமுறை தட்டியிருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். அடைவு இருக்கிறதா என்று பார்க்க எல்எஸ், அதன் பின்னால் கோப்பு முறைமை இருக்கிறதா என்று பார்க்க மவுண்ட் என இரண்டையும் வேறுவேறு கேள்விகளாகவே வைத்துக்கொள்வது நல்லது.

வெறும் மவுண்ட் கட்டளை விடை தராமல், கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பொருளில் பிழை எண் 2ஐக் காட்டுவதும் உண்டு. என்எஸ்எச் இந்தப் பட்டியலைத் தானே தயாரிப்பதில்லை. /ப்ராக்/எஃப்எஸ்/மவுண்ட் என்னும் கோப்பைத் திறந்து அதில் உள்ளதை அப்படியே திரையில் ஊற்றுகிறது. ஆகவே ப்ராக்எஃப்எஸ் மவுண்ட் ஆகாத முறைமையில், மற்றவை எத்தனை மவுண்ட் ஆகியிருந்தாலும் பட்டியல் கிடைக்காது. அதற்குத் தீர்வு ஒரே வரிதான்:

என்எஸ்எச்> மவுண்ட் -டி ப்ராக்எஃப்எஸ் /ப்ராக்

இதில் -டி என்பது டைப் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. ப்ராக்எஃப்எஸ் எந்தச் சாதனத்தையும் சார்ந்ததல்ல என்பதால் இங்கே சாதனத்தின் பெயர் தேவைப்படாது. இதே கட்டளை பிழை எண் 19ஐத் தந்தால், அந்த வகைக் கோப்பு முறைமையே கர்னலுக்குள் தொகுக்கப்படவில்லை என்று பொருள். அப்போது, தொகுக்கும் முன் வசதிகளைத் தேர்ந்தெடுக்க உதவும் மெனுகான்ஃபிக்கைத் திறந்து, கோப்பு முறைமைகள் பகுதியில் ப்ராக்எஃப்எஸ்ஸைத் தேர்ந்து, மீண்டும் தொகுத்துப் பலகையில் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மவுண்ட் என்ற கட்டளையே இல்லை என்று ஷெல் சொன்னால், ஹெல்ப் என்று தட்டிக் கட்டளைப் பட்டியலைப் பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, என்எஸ்எச்சின் கட்டளைகளை ஒவ்வொன்றாக முடக்கிவைக்க மெனுகான்ஃபிக்கில் வசதி உண்டு. உங்கள் பலகைக்கான அமைப்பைத் தயாரித்தவர் மவுண்டை முடக்கியிருக்கக்கூடும். அத்தகைய முறைமையிலும் ப்ராக்எஃப்எஸ் இருக்குமானால், கேட் /ப்ராக்/எஃப்எஸ்/மவுண்ட் என்று தட்டி அதே பட்டியலைப் பெற்றுவிடலாம்.

வகையும் இடமும் தெரிந்தபின், ஒவ்வொன்றிலும் எவ்வளவு இடம் உள்ளது என்பதற்கு டிஎஃப் கட்டளை. ப்ராக்எஃப்எஸ்ஸின் வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், அதன் விடை இப்படி இருக்கும். நெடுவரிசைகள் முறையே ஒரு பிளாக்கின் அளவு, மொத்த பிளாக்குகள், நிரம்பியவை, காலியானவை, மவுண்ட் ஆன இடம்:

64 6 6 0 /ஈடிசி
512 985 2 983 /டிஎம்பி

முதல் வரி ரோம்எஃப்எஸ். 64 பைட் கொண்ட 6 பிளாக்குகள், ஆக மொத்தம் 384 பைட். தொடக்க ஸ்கிரிப்டை வைத்துக்கொள்ள அது போதும். காலி இடம் சுழியம் என்பதைக் கண்டு பதற வேண்டாம். வாசிக்க மட்டுமே முடிந்த கோப்பு முறைமையில் காலி இடம் என்ற ஒன்று இருக்க முடியாது.

இரண்டாவது வரிதான் சுவையானது. இந்த /டிஎம்பி, 512 பைட் கொண்ட 1,024 செக்டர்களுடன் எம்கேஆர்டி கட்டளையால் நினைவகத்தில் உருவாக்கிய ராம் வட்டு. அதை எம்கேஃபேட்எஃப்எஸ் கொண்டு ஃபேட் வடிவில் அமைத்து மவுண்ட் செய்திருக்கிறார்கள். 1,024 கேட்டவருக்கு 985 மட்டுமே கிடைத்திருக்கிறது. மீதமுள்ள 39 எங்கே போயின? தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட செக்டர் 1. மூல அடைவுக்கு 512 பதிவுகள், பதிவுக்கு 32 பைட் வீதம் 16,384 பைட், அதாவது 32 செக்டர்கள். ஒதுக்கீட்டு அட்டவணையின் இரண்டு பிரதிகள், பிரதிக்கு 3 செக்டர் வீதம் 6. ஒன்றும் முப்பத்திரண்டும் ஆறும் கூட்டினால் 39, கணக்கு நேராகிவிட்டது. நினைவகம் கிலோபைட் கணக்கில் அளந்து கொடுக்கப்படும் பலகையில் கிட்டத்தட்ட 20 கிலோபைட் என்பது புறக்கணிக்கும் அளவு அல்ல. எம்கேஃபேட்எஃப்எஸ் கட்டளையில் மூல அடைவின் பதிவுகளைக் குறைத்துக் கேட்கும் தெரிவு இருப்பது இதற்காகத்தான்.

பிளாக்குகளைப் பெருக்கிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் டிஎஃப் -எச் என்று தட்டலாம். அப்போது அளவுகள் பைட், கிலோபைட், மெகாபைட் என வாசிக்க எளிதாக வரும்; முதல் நெடுவரிசையில் கோப்பு முறைமையின் வகையும் சேர்ந்துகொள்ளும். மவுண்ட் தரும் இரண்டு செய்திகளும் டிஎஃப் தரும் அளவுகளும் ஒரே விடையில் கிடைப்பதால், அன்றாடப் பயன்பாட்டுக்கு இதுவே போதும். ப்ராக்எஃப்எஸ், பின்எஃப்எஸ் (உள்ளமைந்த நிரல்களைக் கோப்புகளாகக் காட்டுவது) போன்றவற்றின் வரிகளில் எல்லா அளவுகளும் சுழியமாக இருக்கும். அவை எந்தச் சேமிப்பிடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை.

சாதனத்தின் பெயர் பட்டியலில் இல்லாதது மட்டும் உண்மையிலேயே ஒரு குறைதான். ஒரே பலகையில் ராம் வட்டும் எஸ்டி அட்டையும் விஃபேட் வகையாகவே மவுண்ட் ஆகியிருந்தால், எது எங்கே என்பதை மவுண்ட் விடையை வைத்துச் சொல்ல முடியாது. டிஎஃப் காட்டும் மொத்த அளவைப் பார்த்து, கிலோபைட்டில் இருப்பது ராம் வட்டு, கிகாபைட்டில் இருப்பது அட்டை என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். எல்எஸ் -எல் /டெவ் என்று தட்டினால் வரியின் முதல் எழுத்து பி என்று தொடங்குபவை பிளாக் சாதனங்கள். /டெவ்/ராம்0, /டெவ்/எம்எம்சிஎஸ்டி0 போன்ற பெயர்கள் அங்கே இருந்தால், மவுண்ட் செய்யத்தக்க சாதனங்கள் எவை என்பதாவது தெரியவரும். பிஎக்ஸ்4இல் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே எஸ்டி அட்டை வழக்கமாக /எஃப்எஸ்/மைக்ரோஎஸ்டி என்ற இடத்தில் மவுண்ட் ஆவதால் பெயரே அடையாளமாகிவிடுகிறது.

மற்றொன்று: ஏற்கெனவே மவுண்ட் ஆன ஒரு கோப்பு முறைமைக்குள் இன்னொன்றை மவுண்ட் செய்ய நட்எக்ஸ் இடம் தராது, மவுண்ட் புள்ளி போலிக் கோப்பு முறைமைக்குள்ளேயே அமைய வேண்டும். /டிஎம்பி விஃபேட்டாக மவுண்ட் ஆகியிருக்கையில் அதற்குக் கீழ் வேறொரு வரியைப் பட்டியலில் தேடுவது வீண்.

அட்டையைக் கழற்றும் முன்னும் இதே பட்டியல் பயன்படும். மவுண்டை நீக்க யுமவுண்ட் /எஃப்எஸ்/மைக்ரோஎஸ்டி என்று தட்டும்போது பிழை எண் 16 வந்தால், அந்த அட்டையில் யாரோ ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது பதிவு எழுதும் பணியாகத்தான் இருக்கும். அந்தப் பணியை நிறுத்திவிட்டு யுமவுண்டை மீண்டும் தட்டி, பிறகு மவுண்ட் என்று தட்டிப் பாருங்கள். பட்டியலிலிருந்து அந்த வரி மறைந்த பிறகே அட்டையில் கை வைக்கலாம்.